விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது: கூட இருப்பவர்களுக்குச் சில வழிகள்

முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். டாக்டரிடம் பேசுவது அந்த ஒருவர்தான் என்று குடும்பத்துக்குள் முடிவாகிவிட வேண்டும். அவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை, பெரிய படிப்பும் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்க வேண்டும். புரியாவிட்டால் "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு வந்தது. விருதுநகரில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன், எழுதிப் பழகிய கை. என் தம்பி சொந்தமாக ஒரு டாடா ஏஸ் லோடு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். ஒரு நாள் இரவு வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வீட்டுக்கு வரும்போது நான்குவழிச் சாலையில் கார் மோதிவிட்டது. தலையில் அடி, தொடை எலும்பு முறிவு, விலாவில் விரிசல். மதுரையில் ஐ.சி.யூ., அப்புறம் வார்டு, அப்புறம் வீடு. அந்த மூன்று கட்டத்திலும் கூட இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாதான் டாக்டரிடம் பேச வேண்டும் என்று உறவில் ஒரு பேச்சு வந்தது. அவருக்கு ரத்தம் ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் கொடுத்துவிட்டோம். ஊர்ப் பையன்களைத் திரட்ட அவரை விட்டால் ஆளில்லை. 18 வயதுக்கு மேல் 65-க்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஆண்கள் என்றால் கடைசியாக ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆனவர்கள் வேண்டும். முந்தின நாள் குடித்தவனைக் கூட்டி வந்து நிறுத்தினால் ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் அவரிடம் சொல்லி வைத்தோம். ஆளுக்கொரு வேலை கைக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வது பாதியாகக் குறைந்தது.

முதல் நாளே பார்க்க வேண்டிய காகிதங்கள்

அழுகையும் ஓட்டமுமாக இருக்கும் நேரத்தில் இதைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சமாகத் தெரியலாம். பரவாயில்லை, ஒருவர் கல்நெஞ்சோடு இருக்கத்தான் வேண்டும்.

அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது என்று இரண்டு வரி அதில் இருக்கும். பின்னால் போலீஸ், காப்பீட்டு நிறுவனம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று எல்லாரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அந்த இரண்டு வரியைத்தான். அழைத்து வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால், மோதிய கார் கணக்கிலேயே வராது. நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். இல்லாததைச் சேர்க்கச் சொல்லி யோசனை தருபவர்கள் அங்கேயே இரண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் பக்கம் திரும்பாதீர்கள். ஏ.ஆர். நகலும் முதல் தகவல் அறிக்கையின் நகலும் உங்கள் பையில் இருக்க வேண்டும்.

பணம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்தது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, அடிபட்டவர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 48 மணி நேரம் முடிந்த பிறகு "இனி பணம் கட்டுங்க" என்று சொல்லும்போது விழிக்காமல், முதல் நாள் சாயங்காலமே காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் "இதுக்கப்புறம் என்ன?" என்று கேட்டுவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பம் என்றால், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தாங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. கட்டணமில்லாத எண் 1800 425 3993. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் ஊரிலிருந்து யாராவது உடனே எடுத்து வரட்டும். நாடு முழுவதற்குமான மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2025-இல் வந்திருக்கிறது: 7 நாள், 1.5 லட்சம் வரை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவர்தான் சொல்ல முடியும், வராந்தாவில் நிற்பவர் சொல்ல முடியாது.

முதல் ராத்திரியே நகை எல்லாவற்றையும் அடகு வைக்க ஓடாதீர்கள். என் தம்பி மனைவி கழுத்தில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்து "மதினி, இதை வச்சுக்கோங்க" என்று நீட்டினாள். நாளைக்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பார்ப்போம் என்று திரும்பப் போட வைத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முதல் நாளோடு முடிவதில்லை.

எல்லா பில்லும் அசல் வேண்டும். மருந்துக்கடைச் சீட்டு, ஸ்கேன் பில், ஆம்புலன்ஸ், கூட இருப்பவரின் பஸ் டிக்கெட் வரை ஒரே உறையில் போடுங்கள். கடைச் சீட்டு சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், அதனால் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வையுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், இறப்புக்கு 2 லட்சம் என்று தனி ஏற்பாடு உண்டு. வார்டுக்குள்ளேயே வக்காலத்துத் தாளோடு வந்து "கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், 15100-க்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே

தினமும் ஒரே மூன்று கேள்வி கேளுங்கள். நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது? இன்று என்ன செய்யப் போகிறீர்கள்? எதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்? "பொழச்சுக்குவாரா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டால் "பார்ப்போம்" என்ற ஒரே பதில்தான் வரும். அதில் டாக்டரின் தப்பு ஒன்றும் இல்லை.

தலையில் அடிபட்டவர் என்றால் 'ஜி.சி.எஸ்.' என்று, சுயநினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு எண் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக முழு மதிப்பெண் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 8-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான அடி என்று எடுத்துக்கொள்வார்கள். வாயில் குழாய் இருக்கும்போது பேச்சுக்கு மதிப்பெண் போட முடியாது, தூக்க மருந்து ஓடும்போது எண் இறங்கித்தான் தெரியும். இது தெரியாமல் எண் ஒன்று குறைந்தது என்று ஒரு குடும்பமே வராந்தாவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்ததைப் பார்த்தேன். தினம் தேதி போட்டு அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு நாள் எண்ணை விட நாலைந்து நாள் எண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் விஷயம்.

உள்ளே விடும் அந்தச் சில நிமிடத்தில் அழுவதற்குப் பதில் பேசுங்கள். கண் மூடியிருந்தாலும் பேசுங்கள். பெயரைச் சொல்லி, நான் இன்னார், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இன்று வியாழக்கிழமை, உன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவ்வளவுதான். கையைத் தொடுவதற்கு முன் கழுவிவிட்டுப் போங்கள். திருநீறு பூச வேண்டும் என்றால் சிஸ்டரிடம் கேட்டு நெற்றியில் லேசாக இடலாம், காயமும் கட்டும் இருக்கும் பக்கம் வேண்டாம். கோயில் தீர்த்தம் ஒரு சொட்டுகூட வாயில் விடாதீர்கள். விழுங்கத் தெரியாத நிலையில் இருப்பவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகும்.

மயக்கம் தெளியும் நாட்கள்

இதைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சினிமாவில் கண் திறந்தவுடன் "அம்மா" என்பார்கள். நிஜத்தில் தலையில் பலத்த அடி பட்டவர் தெளிந்து வரும் வழி ஒரு குழப்பக் காட்டைத் தாண்டித்தான். மூக்குக் குழாயைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், கெட்ட வார்த்தை பேசுவார். சற்றுமுன் சொன்னது ஞாபகம் இருக்காது. என் தம்பி தன் மனைவியை "டீச்சர்" என்று கூப்பிட்டான். என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. எங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் காதைப் பொத்தியிருப்பார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். அடிபட்ட மூளை விழிக்கும்போது இப்படி நடக்கும், அதில் அவர் குணமும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. பெரும்பாலும் இது கடந்து போகிற கட்டம். திடீரென்று ஆரம்பித்தாலோ, மிகவும் அதிகமானாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், வலி, முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர் என்று வேறு காரணமும் இருக்கலாம்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது என்னவென்றால், எல்லாவற்றையும் குறைப்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மட்டும். செல்போன் சத்தம் வேண்டாம், வீடியோ கால் வேண்டாம். நான்கு பேர் நான்கு பக்கம் நின்று "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பது மிகப் பெரிய கொடுமை. தெரியாவிட்டால் அவருக்கு அவமானம், உங்களுக்கு அழுகை. "நான் அக்கா வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிடலாம். "வண்டிக்கு நேரமாச்சு, விடு" என்று எழுந்தால் "வண்டி ஷெட்ல இருக்கு, இன்னிக்கு ஓட்டம் இல்ல" என்று அதே குரலில், அதே சொற்களில், எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி தம்பி கண்ணில் படும்படி மாட்டினோம், பெரிய எழுத்தில் தேதியும் கிழமையும் இருக்கும் பழைய மாதிரி. காலையில் தாளை அவன் கையாலேயே கிழிக்க வைத்தோம். முதலில் ஐந்தாறு தாளைச் சேர்த்துக் கிழித்தான், பிடி பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒற்றைத் தாளை நகத்தால் நெருடிப் பிரித்து எடுத்தான். பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு விரல் பயிற்சியில் அதையும் சேர்த்துக்கொண்டார். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள், இரவில் விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அது. வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வார்டில் கையால் செய்கிற வேலைகள்

வார்டுக்கு மாற்றினால் பாதி வேலை உங்கள் தலையில்தான். சிஸ்டர் ஒருவர் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? ஆனால் எதையும் முதல் தடவை அவர் பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள்.

திருப்பிப் படுக்க வைப்பது: தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதுகெலும்பில் அடி என்றால் நீங்களாகத் திருப்பவே கூடாது, ஆட்கள் சேர்ந்து ஒரே கட்டையாகப் புரட்டும் முறை இருக்கிறது. படுக்கைப் புண் முதலில் வருவது வால் எலும்பு, குதிகால், பின்னந்தலை. "சிவந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? அந்த இடம் சுற்றி இருப்பதை விடக் கறுத்திருக்கும், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், அழுத்தம் படாமல் வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டார்ச் அடித்து தினமும் குதிகாலைப் பாருங்கள். எல்லாரும் முதுகைப் பார்ப்பார்கள், குதிகாலை மறந்துவிடுவார்கள்.

மூச்சு: விலாவில் அடிபட்டவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், சளி தேங்கி நிமோனியா வரும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். வார்டில் முக்கால்வாசிப் பேர் அதைப் பீப்பி மாதிரி ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இழுத்துப் பந்தை மேலே நிறுத்தி, முடிந்த அளவு பிடித்து, மெல்ல விட வேண்டும். இருமும்போது ஒரு தலையணையை அடிபட்ட பக்கத்தில் அணைத்துக்கொண்டால் வலி குறையும். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்து இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக் குழாயில் உணவு: தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணியாவது அப்படியே. கஞ்சியை நன்றாக வடிகட்டாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாய்வழி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லும் வரை இளநீர் ஒரு வாய், ஜூஸ் ஒரு வாய் என்று யார் வந்து கெஞ்சினாலும் கூடாது. சொன்ன பிறகு முட்டை, பருப்பு, மீன், ஆட்டுக்கால் சூப் எதுவும் நல்லதுதான். சூப் எலும்பை ஒட்டிவிடும் என்று நம்பி முட்டையை விட்டுவிடாதீர்கள், புரதம் அதில்தான் இருக்கிறது.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்பை விடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், இரண்டு நாளுக்கு மேல் போகவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். நம் ஆட்கள் உடனே தைலத்தோடு உட்கார்ந்து நீவுவார்கள். நீவக் கூடாது, கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதே போல, உள்ளே ராடு வைத்த காலுக்கு ஊரில் எலும்புக் கட்டுப் போடுகிறவரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லும் பெரியப்பாவை அன்பாகத் தடுத்து நிறுத்துவதும் கூட இருப்பவர் வேலைதான்.

வருகிறவர்கள், இருக்கிறவர்கள்

ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருகிறவர்களைத் தடுக்க முடியாது, அவர்கள் மனசும் தப்பில்லை. சாயங்காலம் ஒரே ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்: இன்றைய நிலை இது, இன்று பார்க்க வர வேண்டாம், நாளை ரத்தம் ஒரு யூனிட் வேண்டும். கேட்டு வரும் போன் பாதியாகிவிடும். வந்தவர்களிடம் கட்டில் பக்கத்தில் நின்று "எப்படிப்பா ஆச்சு, ஹெல்மெட் போட்டிருந்தானா?" என்று கேட்கக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். "என்ன உதவி வேணும்" என்பவரிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, மதியச் சாப்பாடு என்று பெயர் குறித்துக் கொடுங்கள்.

இரவு முழித்தவர் பகலில் தூங்கியே ஆக வேண்டும். ஆள் மாறும்போது நோட்டைக் கையில் கொடுத்து மாறுங்கள்: என்ன மருந்து போட்டார்கள், எத்தனை மணிக்குத் திருப்பினோம், சிறுநீர் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார். கையோடு வைத்திருக்க வேண்டியவை பாய், போர்வை, சின்னப் பூட்டு, செல்போன் சார்ஜர், பேனா, சில்லறை. அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் 1 ரூபாய்க்கு இட்லி. பட்டினி கிடந்து காவல் காப்பதால் யாருக்கும் லாபமில்லை. என் தம்பி மனைவி அங்கிருந்து நகர மாட்டேன் என்றாள். பிள்ளைகள் உன்னைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று சொல்லித்தான் வாரத்தில் இரண்டு இரவு வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றே ஆரம்பியுங்கள். கட்டு மாற்றுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எல்லாவற்றையும் சிஸ்டர் செய்து காட்டுவதோடு விடாதீர்கள். நீங்கள் செய்யுங்கள், அவர் பார்த்துத் திருத்தட்டும். காலை ஊன்றலாமா, எவ்வளவு எடை போடலாம், எப்போதிலிருந்து என்பதை எழுதி வாங்குங்கள். ஸ்கேன் படங்கள், சி.டி., தையல் பிரிக்கும் தேதி, மறுபடி வர வேண்டிய தேதி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. ஓயாத தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் 108.

வீட்டில் பாயைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், வாக்கர் தடுக்கும். தொடை முறிந்தவரால் தரையோடு இருக்கும் கழிப்பறையில் குந்த முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இந்த இடத்தோடு கதை முடிவதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி மருத்துவம் பார்த்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே அசைக்க முடியாமல் போனவர்தான். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் சொல்லித் தருவது சக்கர நாற்காலியோடு குளிப்பது, சமைப்பது, வேலைக்குப் போவது. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் மாவட்ட அலுவலகத்தில் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

தலையில் அடிபட்டவர் வெளியே பார்க்கத் தேறிவிட்டது போல் இருப்பார். ஆனால் சட்டென்று கோபம், மறதி, சத்தம் தாங்காமை, பகலிலேயே அசதி எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவதற்கு முன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பாருங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது "எல்லாம் நல்லா இருக்கு" என்று அவரே சொல்லிவிடுவார். கூட இருப்பவர் தனியாக டாக்டரிடம் இந்த மாற்றங்களைச் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டலாமா என்பதை மட்டும் வாய்வார்த்தையில் விடாதீர்கள், டாக்டர் எழுத்தில் தரட்டும். அதுவரை பைக் சாவியும் லோடு வண்டிச் சாவியும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். எங்கள் டாடா ஏஸை இப்போதைக்கு மாமா பையன் ஓட்டுகிறான். டீசல் போக மீதி வாடகையை வாராவாரம் தம்பி மனைவி கையில் கொடுத்துவிடுகிறான், நான் வரவு எழுதிக்கொள்கிறேன்.